மரங்கொத்தி சொன்ன சேதி

டொக்... டொக்... டொக்...

விடியும் நேரம். யாரோ கதவைத் தட்டுவது போல் சத்தம் கேட்டது. பாட்டி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் யாரும் இல்லை.

மறுபடியும் சத்தம். பாட்டி திண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மரத்தூணில் ஒரு பறவை ஒட்டிக்கொண்டிருந்தது. தலையில் சிவப்புக் கொண்டை. முதுகு பொன் போல் மின்னியது. அது அலகால் தூணைக் கொத்திக்கொண்டிருந்தது. மரத்தூள் கீழே கொட்டியது.

கேரள மாநிலம், இடுக்கி மாவட்டத்தில் மறையூர் இருக்கிறது. சந்தனக் காட்டுக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. பாட்டியின் வீடும் அங்கேதான். பழைய ஓட்டு வீடு. திண்ணைக் கூரையை நான்கு மரத்தூண்கள் தாங்குகின்றன.

பேரன் உண்டிவில்லை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அப்பத்தா, தள்ளிக்கோங்க. ஒரே கல்லுல விழுத்திடுறேன்."

"வேண்டாம்டா. அது ஏன் நம்ம தூணுக்கு வருதுன்னு தெரியலையே. முதல்ல ஆசாரியைக் கூட்டிட்டு வா" என்றார் பாட்டி.

தட்டிப் பார்த்தார் ஆசாரி

ஆசாரி வந்தார். சின்னச் சுத்தியலால் தூண்களைத் தட்டினார். மூன்று தூண்களில் 'டங், டங்' என்று கெட்டியான சத்தம். நான்காவது தூணில் 'தொப், தொப்' என்று வந்தது. அதுதான் மரங்கொத்தி கொத்திய தூண்.

உளியை வைத்து மெல்ல அழுத்தினார். உளி மாவுக்குள் போவது போல் உள்ளே போனது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கரையான்கள் ஊர்ந்தன.

"பெரியம்மா, தூண் வெளியே பார்க்கத்தான் தூண். உள்ளே ஒன்னுமில்லை. ஒரு பெருமழை அடிச்சா ஓடு நனைஞ்சு கனம் ஏறும். அப்புறம் திண்ணைக் கூரை தலையிலதான் விழும்" என்றார் ஆசாரி.

பாட்டிக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தத் தூணில் சாய்ந்துதான் பேரன் தினமும் படிப்பான்.

மரங்கொத்தி ஏன் கொத்துகிறது?

மரங்கொத்தி மரத்தைத் தின்பதில்லை. மரத்துக்குள் இருக்கும் எறும்பு, கரையான், வண்டுப்புழு ஆகியவற்றைத்தான் தின்கிறது. அதன் நாக்கு மிகவும் நீளமானது. துளைக்குள் நாக்கை விட்டுப் பூச்சிகளை வெளியே இழுக்கும். கால்களில் இரண்டு விரல்கள் முன்னும் இரண்டு விரல்கள் பின்னும் இருக்கும். வால் இறகு விறைப்பானது. அதனால் நெட்டுக்குத்தான மரத்திலும் வாலை ஊன்றி நிற்கும்.

நம் வீட்டு மரத்தை அது கொத்துவதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, இரை. சின்னச் சின்னக் குழிகளாகப் பல இடங்களில் கொத்தியிருந்தால் உள்ளே பூச்சி இருக்கலாம்.

இரண்டு, கூடு. பறவை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை போட்டிருந்தால் அது கூட்டுக்காக இருக்கலாம்.

மூன்று, முரசு. சில சமயம் மரத்திலோ தகரத்திலோ 'டர்ர்ர்' என்று வேகமாகத் தட்டும். 'இது என் இடம்' என்று மற்றப் பறவைகளுக்குச் சொல்லவும் துணையைக் கூப்பிடவும் அப்படிச் செய்கிறது. குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் இந்தச் சத்தம் குறைந்துவிடும்.

காரணம் தெரிந்தால்தான் சரியான வழி தெரியும்.

என்ன செய்யலாம்?

ஆசாரி முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு கெட்ட தூணை எடுத்தார். புதுத் தூணை மண்ணில் நடவில்லை. கல்பீடம் வைத்து அதன் மேல் நிறுத்தினார். மரம் மண்ணைத் தொட்டால் கரையான் எளிதாக ஏறிவிடும்.

சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது. கரையான் அந்த வழியாகத்தான் வந்திருந்தது. பாட்டி விறகைத் தள்ளி அடுக்கினார். சுவரில் மண்கோடு போல இருந்த கரையான் பாதையைச் சுரண்டிப் போட்டார்.

புது மரத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசினார் ஆசாரி. அந்த எண்ணெய் பூச்சி அரிக்காமல் மரத்தைக் காக்கும். ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். அதனால் கையுறை போட்டுக்கொண்டுதான் பூசினார். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை.

நீங்கள் செய்யக்கூடிய வேறு சில வழிகள்:

• நல்ல மரத்தில் உள்ள சிறு குழிகளை மக்கு வைத்து அடைத்து வண்ணம் பூசுங்கள்.

• பெரிய கருவண்டு கூரைச் சட்டத்தில் விரல் நுழையும் ஓட்டை போடும். அதன் புழுவைத் தேடியும் மரங்கொத்தி வரும். வண்டு வெளியேறிய பின் ஓட்டையை அடையுங்கள்.

• திரும்பத் திரும்பக் கொத்தும் இடத்தில் தகரத் தகடு அடியுங்கள்.

• பளபளக்கும் காகிதப் பட்டைகளைக் காற்றில் ஆடும்படி கட்டுங்கள். பறவை சில நாளில் பழகிவிடும். அதனால் அடிக்கடி இடம் மாற்றிக் கட்டுங்கள்.

• தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டால் அந்த இடத்தைத் தடித்த சாக்கால் மூடுங்கள். சத்தம் வராவிட்டால் பறவை வேறு இடம் பார்க்கும்.

என்ன செய்யக்கூடாது?

கல்லால் அடிக்கக்கூடாது. விஷம் வைக்கக்கூடாது. பிசின் தடவிப் பிடிக்கக்கூடாது. மரங்கொத்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படும் பறவை. அதைக் கொல்வதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் குற்றம். சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கலாம்.

ஓட்டைக்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் அடைக்காதீர்கள். பொன்முதுகு மரங்கொத்தி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். சுமார் 11 நாளில் குஞ்சு பொரிக்கும். மேலும் 20 நாள் போல ஆனதும் குஞ்சுகள் பறந்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் பொறுத்தால் போதும். பிறகு ஓட்டையை அடைக்கலாம். சந்தேகம் இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலியோர முருங்கை

தூண் வேலை முடிந்தது. வேலியோரம் பட்டுப்போன முருங்கை மரம் ஒன்று நின்றது. அதை விறகுக்கு வெட்டப் பாட்டி எண்ணியிருந்தார். பேரன் மரத்தண்டில் காதை வைத்துக் கேட்டான்.

"அப்பத்தா, உள்ளே குஞ்சு கத்துது!"

பாட்டி அரிவாளை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அந்த மரம் விழுந்தாலும் வீட்டின் மேல் விழாது. வழியிலும் விழாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் கூடக் குடியிருக்கும்.

மறுநாள் காலை. பேரன் புதுத் தூணில் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தான். முருங்கை மரத்திலிருந்து சத்தம் வந்தது. டொக்... டொக்...

"அதுபாட்டுக்குக் கொத்தட்டும். நீ படி" என்றார் பாட்டி.

பதில் சொல்லுங்கள்

1. நான்காவது தூண் கெட்டுப்போனதை ஆசாரி எப்படிக் கண்டுபிடித்தார்?

2. மரங்கொத்தி கொத்துவதற்கு உள்ள மூன்று காரணங்கள் என்ன?

3. தூணைக் கல்பீடத்தின் மேல் ஏன் நிறுத்தினார்கள்?

4. கூட்டில் குஞ்சு இருந்தால் என்ன செய்ய வேண்டும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு நிலை, கதவு, தூண், கூரைச் சட்டம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். எங்கே சத்தம் மாறுகிறது? அந்த இடத்தை நோட்டில் எழுதி வையுங்கள். மழைக்காலம் வருவதற்கு முன் சரி செய்யுங்கள்.