பரிசமும் கைம்பெண்ணின் பங்கும்

சங்கத்துப் பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே எவ்வளவு பணம் நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறோம். அவர் மறைந்தால் அப்பணம் யாரைச் சேரும் என்பதைப் பார்ப்பவர் சிலரே. இப்பாடத்தை நாம் ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கைக்குச் சென்றிருந்தபொழுது கற்றுக் கொண்டோம். அதனை அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சங்கத்து அங்கத்தினர் ஒருவர் நாற்பது வயது நிரம்புமுன் காலமானார். பங்குத் தொகையும் சிக்கன நிதியுமாக அவர் கணக்கில் ரூ.48,000 இருந்தது. மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை, வயது முதிர்ந்த தாய் ஆகிய மூவரை அவர் விட்டுச் சென்றார். மூன்றாம் மாதம் அவ்வம்மையார் சங்கத்துக்கு வந்தார். "ஐயா, தறி சும்மா நிற்கிறது. அவர் சேர்த்து வைத்ததைக் கொடுத்தால் நானே தறியில் உட்கார்ந்து பிள்ளையைக் காப்பாற்றிக் கொள்வேன்" என்றார்.

காலஞ்சென்றவரின் தமையனாரும் அச்சங்கத்து அங்கத்தினரே. அவர் மூன்று தடைகளைச் சொன்னார். "பரிசம் போட்டுக் கொண்டு வந்த பெண், ஐயா. அவள் வீட்டாருக்குச் சேர வேண்டியதை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். கலியாணம் கோயிலில் நடந்தது, பதிவு கிடையாது. மேலும், சங்கத்தில் தம்பி எழுதிக் கொடுத்திருப்பது என் பெயர்" என்றார். அவர் வஞ்சகர் அல்லர். ஊரில் பலர் நம்புவதையே அவரும் நம்பினார். ஆகவே அத்தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பரிசம் எதற்கு விலை?

பரிசம் அல்லது பரியம் என்பது மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு அளிக்கும் பொருள். வெற்றிலை பாக்கு, புடவை, பணம் ஆகியவற்றைத் தாம்பாளத்தில் வைத்து, இரு வீட்டுப் பெரியோர் முன்னிலையில் கொடுப்பது வழக்கம். இன்று பல இடங்களில் இது நிச்சயச் சடங்காகச் சுருங்கி, பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சிணை அதன் இடத்தைப் பிடித்துக் கொண்டது.

பழைய இந்து தர்ம நூல்கள் எட்டு வகை மணங்களைச் சொல்லும். பெண்ணுக்காகப் பொருள் பெற்றுச் செய்யும் மணத்துக்கு ஆசுரம் என்று பெயர். அந்நாளில் இவ்வேறுபாட்டுக்குப் பொருள் இருந்தது. பிள்ளையில்லாப் பெண் இறந்தால், உயர்ந்ததெனக் கொண்ட முறையில் மணந்தவளின் சீதனம் கணவன் வழிக்கும், ஆசுர முறையில் மணந்தவளின் சீதனம் பிறந்த வீட்டு வழிக்கும் சென்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இப்பாகுபாட்டை நீக்கிவிட்டது. எம்முறையில் மணந்தாலும் மனைவி மனைவியே.

பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மணத்தைத் தீர்த்துக் கொள்ளும் வழக்கம் சில சமூகங்களில் உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வழக்கப்படியான மணவிலக்கை ஒழிக்கவில்லை. ஆனால் அவ்வழக்கம் உண்டென்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். கணவன் இறப்பது மணவிலக்கு அன்று. கைம்பெண் பங்கு பெறுவதற்கு எவரும் பரிசத்தைத் திருப்ப வேண்டியதில்லை. பரிசம் கொடுத்ததனால் அவள் பங்கு குறைவதும் இல்லை.

பதிவில்லாத மணம் செல்லுமா?

செல்லும். இரு தரப்பில் ஒரு தரப்பாரின் வழக்கமான சடங்குகளின்படி நடந்த மணத்தை 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக் கொள்கிறது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நம் மாநிலத்தில் உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் மணமும் புரோகிதர் இன்றியே செல்லும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணம் நடந்த 90 நாளுக்குள் பதிவு செய்தல் கடமை. பதியாமை தவறு, அதனால் மணம் இல்லாமற் போய்விடாது. எனினும் பதிவில்லாதவள் சாட்சிகளைத் தேடி அலைய நேரும். துயரக் காலத்தில் அந்த அலைச்சல் எத்தகையது என்பதை நாம் நேரில் கண்டோம்.

பங்குக் கணக்கு

1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது. ஆனால் அது ஆயுள் வரைக்குமே. அவள் அதனைத் தன் விருப்பப்படி விற்க இயலாது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அத்தளையை அகற்றி, அவளை முழு உரிமையாளர் ஆக்கியது.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் தம் உழைப்பால் தேடிய சொத்தை முதலில் பெறுவோர் மனைவி, மகன், மகள், தாய். ஒவ்வொருவருக்கும் ஒரு சம பங்கு. இவர்களுள் ஒருவர் இருந்தாலும் உடன்பிறந்தாருக்கு ஒன்றும் இல்லை.

ஆகவே மேற்சொன்ன ரூ.48,000இல் மனைவிக்கு ரூ.16,000, மகளுக்கு ரூ.16,000, தாய்க்கு ரூ.16,000. தறிக்கும் இதே கணக்குத்தான். குழந்தையின் பங்கைத் தாய் காப்பாளராக இருந்து பாதுகாக்கலாம். அது நிலமாகவோ வீடாகவோ இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி விற்கலாகாது. கடன் இருந்தால், வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பாளிகள். பயிர்க்கடன் பெற்ற விவசாய அங்கத்தினர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

கைம்பெண் மறுமணம் செய்து கொண்டால்? 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவள் முன்னைக் கணவன் சொத்தை இழந்தாள். இன்று அந்நிலை இல்லை. ஒருமுறை அவளுக்கு வந்த பங்கு அவளுடையதே என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. முதல் மனைவி உயிருடன் மணவிலக்கின்றி இருக்கையில் செய்த இரண்டாம் மணம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் தந்தை சொத்தில் பங்குண்டு.

இச்சட்டம் இந்துக்களுக்கு உரியது. முஸ்லிம் கைம்பெண்ணுக்குப் பிள்ளை இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. அவளுடைய மஹர் அவளுக்கே உரியது. கொடுபடாவிட்டால் கணவன் சொத்தின்மேல் நிற்கும் கடன். கிறிஸ்தவக் கைம்பெண்ணுக்குப் பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பழங்குடி மக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு அவரவர் வழக்கமே சட்டம். ஆயினும் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் மெய்ப்பிக்கப்படாதவிடத்து அவளுக்குப் பங்கை மறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் ஒரு கோண்டு இனக் குடும்ப வழக்கில் கூறியது.

நியமனம் உரிமையாகுமா?

மூன்றாவது தடையே நம்மை நிறுத்தியது. அங்கத்தினர் தம் மணத்துக்கு முன்பே தமையனார் பெயரை நியமனதாரராக எழுதியிருந்தார்; பின்னர் மாற்றவில்லை. 1984இல் இருந்த சட்டப்படி, ஆயுள் காப்பீட்டு நியமனதாரர் பணத்தைப் பெற்றுக் கொள்பவரே. அதனை வாரிசுரிமைச் சட்டப்படி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் தெளிவாக்கியது. கூட்டுறவுச் சங்கம் நியமனதாரர் பெயருக்கு மாற்றித் தர வேண்டியதே என்றும், வாரிசுகளின் உரிமை அதனால் கெடுவதில்லை என்றும் 2016இல் ஒரு வழக்கில் கூறியது. சங்கம் கொடுப்பது ஒருவர் கையில். சொத்து சேர்வது வாரிசுகளிடம்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபொழுது தமையனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கும் பங்கு உண்டா?" என்று மட்டும் கேட்டார். தாயார் அவர் வீட்டில்தான் இருந்தார். அம்மையாருக்கும் அது புதிய செய்தி; முழுத் தொகையும் தமக்கே என்று அவர் எண்ணியிருந்தார். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்று வந்தபின், தமையனார் தொகையைப் பெற்று, காரியதரிசி முன்னிலையில் மூன்று கூறாக்கிக் கொடுத்தார். குழந்தையின் பங்கு வங்கியில் வைப்பாக இடப்பட்டது. அம்மையார் தம் பெயரிலேயே அங்கத்தினராகச் சேர்ந்தார்.

ஆயினும் தறி ஐந்து மாதம் நின்றது. அக்குறையில் நமக்கும் பங்குண்டு. நாம் மூன்று ஆண்டுகள் அச்சங்கத்தின் கணக்கைக் கூட்டிக் கழித்தோம். நியமனப் பத்தியை ஒருமுறையேனும் படிக்கவில்லை.

செய்ய வேண்டியவை

1. மணமான அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் நியமனத்தை இம்மாதமே பார்த்துப் புதுப்பித்தல் வேண்டும்.
2. மணத்தைப் பதிவு செய்து, சான்றினை மனைவியிடம் கொடுத்து வைத்தல் வேண்டும்.
3. காரியதரிசி ஆண்டுப் பேரவைக்கு முன் நியமனப் பட்டியலைச் சரிபார்த்தல் வேண்டும்.

படிப்பு வட்டத்துக்கு வினாக்கள்

1. ஓர் அங்கத்தினர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள், தாய் ஆகியோரை விட்டு இறந்தார். அவர் தேடிய சொத்து ரூ.1,00,000. மனைவிக்கு எவ்வளவு?
2. பிள்ளையும் தாயும் இல்லாதவர் இறந்தால், மனைவிக்கும் தம்பிக்கும் எவ்வளவு?
3. உங்கள் நியமனப் படிவத்தில் இன்று இருக்கும் பெயர் யாருடையது?

முதலிரண்டின் விடைகள்: மனைவிக்கு ரூ.20,000, மனைவிக்கு முழுதும், தம்பிக்கு ஒன்றும் இல்லை. மூன்றாவதன் விடை சங்க அலுவலகத்தில் உள்ளது. அதனை இவ்வாரமே சென்று பார்க்க வேண்டுகிறோம்.