குழுவாகப் பணியாற்றல்: ஒரு கல்லூரிக் கணினிக் குழு தரும் பாடம்

மாணவர்களே, ஆசிரியர் குழுச் செயற்றிட்டம் ஒன்றை ஒப்படைத்ததும் வகுப்பில் வழமையாக நடப்பது என்ன? கணினியில் தேர்ச்சி பெற்ற ஒருவர் எல்லா வேலையையும் செய்து முடிப்பார். ஏனையோர் முன்னட்டையில் தமது பெயர் உள்ளதா எனப் பார்ப்பர். ஆசிரியர் வினாத் தொடுக்கும்போது அந்த ஒருவர் மட்டுமே விடை கூறுவார். அவர் சுகவீனமுற்றால் செயற்றிட்டமும் நின்றுவிடும். இந்நிலையைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் கற்போம்.

1. குழு என்றால் என்ன?

பொது இலக்கு ஒன்றை அடைவதற்காக வேலையைப் பகிர்ந்து, ஒருவரில் ஒருவர் தங்கியிருந்து, பெறுபேற்றுக்கு யாவரும் பொறுப்பேற்கும் சிலரின் சேர்க்கையே குழுவாகும். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் இருபது பேர் வெறும் கூட்டமே. பதினொருவர் கொண்ட கிரிக்கெட் அணியோ ஒரு குழு. பந்து வீசுபவர், விக்கெட் காப்பாளர், துடுப்பாட்டக்காரர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு இருப்பினும் வெற்றி எல்லோருக்கும் உரியது.

2. டாட்மத் கல்லூரியின் குழு

ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹம்சயர் மாநிலத்தில் டாட்மத் கல்லூரி உள்ளது. 1960களின் தொடக்கத்தில் கணினியைப் பயன்படுத்துவோர் தமது செய்நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, பெறுபேற்றுக்காகப் பல மணி நேரம் காத்திருப்பது வழக்கம். இக்கல்லூரியின் கணிதத்துறைத் தலைவரான ஜோன் கெமனியும் அத்துறை ஆசிரியரான தோமஸ் கேர்ட்ஸும் இதனை மாற்ற விரும்பினர். விஞ்ஞான மாணவர் மட்டுமன்றி, கலைப் பாடங்களைக் கற்கும் மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்களது இலக்கு.

இதற்கு இரண்டு தேவைப்பட்டன. ஒன்று, பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பயன்படுத்த உதவும் நேரப் பகிர்வு முறைமை. மற்றையது, எளிதிற் கற்கக்கூடிய செய்நிரல் மொழி. இப்பெரும் வேலையை அவர்கள் இளமாணி மாணவரை நம்பித் தொடங்கினர். இது கண்மூடித்தனமான நம்பிக்கையன்று. 1959இல் கல்லூரிக்குக் கிடைத்த எல்ஜீபி-30 என்னும் சிறிய கணினியில் மாணவர் திறமையாகச் செய்நிரல் எழுதியதை ஆசிரியர்கள் ஏற்கெனவே கண்டிருந்தனர்.

வேலை பகிரப்பட்டது. புதிய மொழிக்கான தொகுப்பானை எழுதும் பணியைக் கெமனி 1963இல் ஆரம்பித்தார். ஜீஈ-225, டேட்டாநெட்-30 ஆகிய இரு கணினிகளையும் இணைத்து இயக்கும் முறைமையை உருவாக்கும் பொறுப்பு மைக்கல் புஷ், ஜோன் மக்கீச்சி என்னும் இரு மாணவரிடம் கொடுக்கப்பட்டது. டேட்டாநெட்-30 முனையங்களுடன் தொடர்பாடியது. ஜீஈ-225 செய்நிரல்களை இயக்கியது. ஒரு பகுதி மட்டும் சரியாக இயங்கிப் பயனில்லை. இரண்டும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

1964 மே 1ஆம் திகதி அதிகாலை 4 மணியளவில் இரு முனையங்களில் ஒரே நேரத்தில் செய்நிரல்கள் இயக்கப்பட்டன. இரண்டும் சரியான விடையைத் தந்தன. பேசிக் என்னும் மொழி அன்று பிறந்தது. பின்னர் உலகெங்கும் பல தலைமுறை மாணவர் செய்நிரலாக்கத்தை இம்மொழியிலேயே முதலிற் கற்றனர்.

3. இதிலிருந்து நாம் அறிபவை

(அ) தெளிவான இலக்கு: "எல்லா மாணவரும் கணினியைப் பயன்படுத்த வேண்டும்" என ஒரே வசனத்தில் கூறக்கூடிய இலக்கு அவர்களிடம் இருந்தது.

(ஆ) உண்மையான பொறுப்பு: மாணவருக்குக் கொடுக்கப்பட்டது எடுபிடி வேலையன்று. அவர்களது பகுதி இல்லாவிடின் முறைமையே இயங்காது.

(இ) படிப்படியான நம்பிக்கை: சிறிய வேலையில் திறமை காட்டியோரிடமே பெரிய வேலை ஒப்படைக்கப்பட்டது.

(ஈ) பகுதிகளின் இணைப்பு: வேலையைப் பிரிப்பது போலவே, பிரித்தவற்றை எவ்வாறு பொருத்துவது என முன்கூட்டியே உடன்படுவதும் அவசியம்.

(உ) அளவான ஆட்தொகை: குழு பெருக்கத் தொடர்பாடலும் பெருகும். உறுப்பினர் தொகை n எனின், இருவர் இருவராக ஏற்படக்கூடிய தொடர்புகள் n(n−1)/2 ஆகும். 4 பேருக்கு 6 தொடர்புகள். 8 பேருக்கு 28 தொடர்புகள். பிந்திய மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என பிரெட் புரூக்ஸ் 1975இல் எடுத்துக்காட்டியமைக்கு இதுவும் ஒரு காரணம்.

4. குழு வளரும் கட்டங்கள்

புரூஸ் டக்மன் என்னும் உளவியலாளர் 1965இல் நான்கு கட்டங்களை விளக்கினார்.

• உருவாதல் - உறுப்பினர் ஒருவரையொருவர் அறிதல்
• முரண்படல் - கருத்து வேறுபாடுகள் தோன்றுதல்
• இணங்கல் - பொது விதிகளை ஏற்றல்
• செயலாற்றல் - இலக்கை நோக்கி ஒன்றாக உழைத்தல்

1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் இணைந்து, 'கலைதல்' என்னும் ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்தார். முரண்பாடு தோன்றியவுடன் குழு தோல்வியடைந்து விட்டதென எண்ண வேண்டாம். அது வளர்ச்சியின் ஒரு கட்டமே.

5. உங்கள் செயற்றிட்டத்தில்

பாடசாலை நூலகத்துக்கு ஒரு தரவுத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். ஒருவர் நூலகரிடம் தகவல் திரட்டலாம். ஒருவர் அட்டவணைகளை வடிவமைக்கலாம். ஒருவர் தரவுகளை உட்புகுத்தலாம். ஒருவர் சோதித்து வழுக்களைக் குறிக்கலாம். நூலின் இலக்கத்தை எந்த வடிவில் எழுதுவது என்பதை நால்வரும் முதல் நாளே தீர்மானிக்க வேண்டும். இல்லாவிடின் திரட்டிய தகவல் அட்டவணையிற் பொருந்தாது. வாரம் ஒரு முறை கூடி, தத்தம் பகுதியை மற்றவர்க்கு விளக்குங்கள். அப்போது எவரிடம் வினவினாலும் விடை கிடைக்கும்.

மாதிரி வினா விடை

(1) 6 பேர் கொண்ட குழுவில் ஏற்படக்கூடிய தொடர்புகள் எத்தனை?
விடை: 6 × 5 ÷ 2 = 15

(2) தேர்ச்சி பெற்ற ஒருவரே முழு வேலையையும் செய்வதால் ஏற்படும் தீமைகள் இரண்டு தருக.
விடை: அவர் இல்லாதபோது வேலை தடைப்படும், ஏனையோர் கற்கும் வாய்ப்பை இழப்பர்.

(3) டாட்மத் குழுவில் மாணவருக்கு உண்மையான பொறுப்பு வழங்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று தருக.
விடை: இரு கணினிகளையும் இணைத்து இயக்கும் முறைமையை உருவாக்கும் பொறுப்பு மாணவர் இருவரிடம் ஒப்படைக்கப்பட்டமை.

நினைவிற் கொள்க: செயற்றிட்டத்தில் உங்கள் பெயர் இருப்பது மட்டும் போதாது. "இப்பகுதி என்னுடையது, இதை நான் விளக்குவேன்" என ஒவ்வொருவரும் கூறக்கூடியதாக இருத்தல் வேண்டும்.