ஆர்டர் எழுதிக்கொள்ளும் ‘பாட்’: நம் கடைக்கு நாமே அமைப்போம்



மாதம் பிறந்து முதல் பத்து நாட்கள் மளிகைக் கடையில் நமக்கு மூச்சுவிட நேரமிருப்பதில்லை. கல்லாவில் ஆள் நிற்கும்போதே செல்போனில் மாதச் சாமான் சிட்டைகள் வந்து விழுகின்றன. சிலர் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். சிலர் குரலில் பேசி அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு வீட்டுச் சிட்டை நம் கண்ணில் படாமல் போய்விட்டால், அடுத்த மாதம் அந்த வீட்டுக்காரர் வேறு கடைப் படி ஏறுவார். பல வருட வாடிக்கை ஒரு மறதியில் கைவிட்டுப் போகும்.

2022 ஆகஸ்டில் ஜியோமார்ட், வாட்ஸ்அப்பிலேயே மளிகை வாங்கும் வசதியைத் தொடங்கியது. 2023 மே மாதம் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் வாட்ஸ்அப் மூலம் டிக்கெட் தரத் தொடங்கியது. ‘ஹாய்’ என்று அனுப்பினால் கேள்விகள் வருகின்றன. பதில் சொல்லச் சொல்ல வேலை முடிகிறது. மறுமுனையில் பேசுவது ஆள் அல்ல, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். இதற்குத்தான் ‘சாட் பாட்’, சுருக்கமாக ‘பாட்’ என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ உள்ள ஒரு சிறு கடையும் இதை அமைத்துக்கொள்ள முடியும். எப்படி என்று பார்ப்போம்.

லைப்ரரி என்பது என்ன?

இந்த வித்தை புதியதல்ல. 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலைசா’ என்ற புரோகிராமை வெளியிட்டார். தட்டச்சு செய்த வாக்கியத்தில் சில சொற்களைத் தேடி, அதற்கேற்ற பதிலை அது திருப்பித் தந்தது. பொருள் புரிந்து பேசவில்லை. நம் கடைக்குத் தேவையான ‘பாட்’டும் இந்த அளவுக்குத்தான் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்.

அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இன்று ‘லைப்ரரி’ என்ற பெயரில் தயார் புரோகிராம் துண்டுகள் கிடைக்கின்றன. மல்லி, மிளகாய் வாங்கிக் காயவைத்துத் திரிப்பதற்குப் பதில் அரைத்த பொடியை வாங்குவது போன்றது இது. குழம்பு வைப்பது மட்டும் நம் பொறுப்பு.

கற்றுக்கொள்ள எளியது டெலிகிராம். 2015 ஜூனில் டெலிகிராம் தன் ‘பாட்’ வசதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்குப் பைத்தான் மொழியில் ‘பைத்தான் டெலிகிராம் பாட்’ என்ற லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் முதலான நம் பகுதிக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

செய்யும் முறை

முதலாவது: டெலிகிராமில் ‘பாட்ஃபாதர்’ என்ற கணக்கைத் தேடி, புதிய ‘பாட்’ வேண்டும் என்று கேட்க வேண்டும். கடைப் பெயரைக் கொடுத்ததும் ‘டோக்கன்’ என்ற நீண்ட எழுத்துத் தொடரைத் தரும். இது கல்லாச் சாவிக்குச் சமம். இதை வைத்திருப்பவர் நம் கடையின் பெயரில் யாரிடமும் பேச முடியும். வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் அதே ‘பாட்ஃபாதர்’ மூலம் உடனே ரத்து செய்து புதியது வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது: கம்ப்யூட்டரைத் தொடும் முன் பேச்சைத் தாளில் எழுதுங்கள். நாம் சொல்லும் மாதிரி இது:

பாட்: வணக்கம். என்ன வேண்டும்? (சாமான் ஆர்டர் / கடை நேரம் / கடைக்காரரிடம் பேச)
வாடிக்கையாளர்: சாமான் ஆர்டர்.
பாட்: சிட்டையை எழுதியோ படமாகவோ அனுப்புங்கள்.
வாடிக்கையாளர்: (சிட்டை அனுப்புகிறார்)
பாட்: வீட்டுக்கு அனுப்பவா, வந்து வாங்கிக்கொள்கிறீர்களா?
வாடிக்கையாளர்: வீட்டுக்கு.
பாட்: நன்றி. உங்கள் சிட்டை எண் 14. கடைக்காரர் பார்த்து விலை போட்டு அனுப்புவார்.

மூன்றாவது: இந்தப் பேச்சை லைப்ரரியில் உள்ள ‘ஹேண்ட்லர்’களிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஹேண்ட்லர் என்பது ஒரே வேலைக்கு வைத்த பையன் மாதிரி. முதல் வணக்கத்துக்கு ஒருவன், பொத்தானை அழுத்தினால் கவனிக்க ஒருவன், வரும் எழுத்தையும் படத்தையும் வாங்கி வைக்க ஒருவன். எந்த வாடிக்கையாளர் எந்தக் கேள்வி வரை வந்திருக்கிறார் என்பதை நினைவில் வைக்க ‘கான்வர்சேஷன் ஹேண்ட்லர்’ என்று தனியாக ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இருபது பேர் பேசினாலும் ஒருவர் சிட்டை மற்றவர் பெயரில் ஏறாது.

நான்காவது: மின்வெட்டுக்கு வழி செய்ய வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் டெலிகிராம் நமக்கு வந்த செய்திகளை 24 மணி நேரம் வரை வைத்திருந்து, மறுபடி இயங்கும்போது கொடுத்துவிடும். ஆனால் பாதியில் நின்ற பேச்சு எதுவரை வந்தது என்பது ‘பாட்’டுக்கு மறந்துவிடும். அதைக் கோப்பில் எழுதிவைக்க ‘பெர்சிஸ்டன்ஸ்’ என்ற வசதி அதே லைப்ரரியில் இருக்கிறது. புரோகிராம் எழுதும் பிள்ளையிடம் இதைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

சிட்டையை யார் படிப்பது?

மேலே உள்ள மாதிரியில் ‘பாட்’ சிட்டையைப் படிப்பதில்லை. எண் போட்டு வாங்கி வைக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் ‘உ.பருப்பு’ என்று எழுதுவார்கள். இன்னொரு வீட்டில் ‘உளுந்து’ என்று மட்டும் எழுதுவார்கள். முன்னவருக்கு உடைத்ததா, முழுசா, பின்னவருக்குத் தோலோடு வேண்டுமா என்பது நமக்குத் தெரியும். ‘எப்போதும் வாங்கும் அரிசி’ என்று ஒரு வரி எழுதினால் எந்த மூட்டை என்று நாம் கேட்பதில்லை. இந்த அறிவுதான் நம் முதல். ‘பாட்’ தவறாகப் படித்துப் போட்ட சாமான் திரும்பி வந்தால் நஷ்டம் நமக்கு. பேரும் நமக்குத்தான் கெடும்.

விலையும் அப்படியே. விருதுநகர் மார்க்கெட்டில் பருப்பு விலை ஏறி இறங்கும்போது, போன வார விலையை ‘பாட்’ சொல்லிவிட்டால் வாக்கு வாக்குதான். விலையைப் புரோகிராமுக்குள் எழுதாமல் தனிப் பட்டியலில் வைத்து, கடைக்காரரே தினமும் திருத்தும்படி செய்ய வேண்டும். முடியாதவர்கள் விலை சொல்லும் வேலையை ‘பாட்’டிடம் கொடுக்கவே வேண்டாம்.

பற்று வரவு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பழைய பாக்கி எவ்வளவு என்று ‘பாட்’ செய்தி அனுப்பினால், அந்த வீட்டில் போனை யார் கையில் வைத்திருப்பார்களோ தெரியாது. பாக்கி கேட்பதும் தவணை கொடுப்பதும் முகம் பார்த்துச் செய்யும் காரியம். அது கடைக்காரரிடமே இருக்கட்டும்.

பால்கோவாக் கடைகளுக்கு

2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளியூரிலிருந்து கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா, எப்போது கிடைக்கும்? பதில் மாறாத இத்தகைய கேள்விகளை ‘பாட்’டிடம் தாராளமாக விடலாம். ஆடிப்பூரத் தேரோட்டம் போன்ற நெருக்கடி நாட்களில் ‘இன்று ஆர்டர் எடுப்பதில்லை’ என்று ஒரே சொடுக்கில் மாற்றும் வசதி மட்டும் அவசியம். செய்து கொடுக்க முடியாத ஆர்டரை ‘பாட்’ வாங்கினால் அதற்கும் நாமே பொறுப்பு.

வாட்ஸ்அப்புக்கு மாறும்போது

நம் வாடிக்கையாளர்களில் மிகப் பலர் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். மெட்டா நிறுவனம் 2022 மே மாதம் ‘கிளவுட் ஏ.பி.ஐ.’ என்ற வழியை எல்லா வணிக நிறுவனங்களுக்கும் திறந்தது. டெலிகிராமில் பழகிய பேச்சு முறை அப்படியே பயன்படும். விதிகள் மட்டும் வேறு. வாடிக்கையாளர் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நாம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அதன்பின் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற ‘டெம்ப்ளேட்’ செய்திதான் அனுப்ப முடியும். 2025 ஜூலை முதல் ‘டெம்ப்ளேட்’ செய்திகளுக்கு ஒவ்வொன்றாகக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. ஆகவே விளம்பரச் செய்திகளை அள்ளி வீசினால் கைப்பணம் போகும்.

இந்த முறையான வழியைச் சுற்றிக்கொண்டு போகும் இலவச லைப்ரரிகளும் இருக்கின்றன. ‘கட்டணமே இல்லை’ என்று யாராவது அமைத்துத் தர வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அவை வாட்ஸ்அப் அனுமதித்தவை அல்ல. கண்டுபிடித்தால் எண்ணையே முடக்குவார்கள். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த எண் போனால், ஊருக்கெல்லாம் புது எண் சொல்ல எத்தனை மாதமாகும்? பழக்கத்துக்குத் தனி எண் ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது.

வாடிக்கையாளர் பெயர், எண், முகவரி ஆகியவற்றைக் காப்பதும் நம் கடமை. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வெளியாகிவிட்டன. ஆர்டருக்காகக் கொடுத்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. யு.பி.ஐ. ரகசிய எண்ணை நம் ‘பாட்’ ஒருபோதும் கேட்காது என்பதை முதல் வணக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் நெருங்கிய பத்து வீடுகளோடு ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். மாத முடிவில் மூன்றைக் கணக்கெடுங்கள்: எத்தனை சிட்டை வந்தது, எத்தனை விட்டுப்போனது, எத்தனை பேர் ‘கடைக்காரரிடம் பேச’ என்ற பொத்தானை அழுத்தினார்கள். பெரும்பாலோர் கடைசிப் பொத்தானையே அழுத்தினால் கேள்விகளைக் குறையுங்கள். சிட்டை ஒன்றுகூட விட்டுப்போகவில்லை என்றால் அடுத்த மாதம் ஐம்பது வீடுகளுக்கு விரிவாக்கலாம். பெரிய நிறுவனங்களின் ‘பாட்’டுக்குப் பின்னால் கடைக்காரர் என்று ஒருவர் இல்லை. நம் ‘பாட்’டுக்குப் பின்னால் நாம் இருக்கிறோம், அந்த வித்தியாசம் வாடிக்கையாளருக்குத் தெரியும்படி நடந்துகொள்வோம்.