வாசகரை ஏமாற்றிய புத்தகமா?



துப்பறியும் கதை என்றால் நம்மில் பலருக்கு உயிர். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து மாட்டிக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு (பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்!). அப்படிப்பட்ட கதைகளில், படித்தவர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்ட ஒரு நாவலைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அதன் பெயர் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. எழுதியவர் இங்கிலாந்தின் அகதா கிறிஸ்டி. 1925-ல் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் தொடர்கதையாக வந்து, 1926-ல் புத்தகமானது.

முக்கிய எச்சரிக்கை: கட்டுரையின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நாவலைப் படிக்கப் போகிறவர்கள் அந்தக் கோட்டோடு நின்றுவிடுங்கள். தாண்டிப் படித்துவிட்டு, "கதையைக் கெடுத்துட்டியே!" என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

தொடரின் கதாநாயகர்

ஹெர்குல் பாய்ரோ என்ற துப்பறிவாளரை அகதா கிறிஸ்டி 1920-ல் அறிமுகப்படுத்தினார். பாய்ரோ பெல்ஜியம் நாட்டுக்காரர்; ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஓடிப் பிடிப்பது, துப்பாக்கியால் சுடுவது எல்லாம் அவரிடம் கிடையாது. உட்கார்ந்து யோசித்தே குற்றவாளியைப் பிடிப்பார். 1975 வரை அவரை வைத்து 33 நாவல்கள் வந்தன. நாம் பேசுவது அதில் மூன்றாவது.

கதை என்ன?

கிங்ஸ் அபட் என்ற சின்ன கிராமம். அங்கே ஒரு பணக்கார விதவை இறந்துபோகிறார். யாரோ ஒருவன் அவருடைய ரகசியத்தைத் தெரிந்துகொண்டு, மிரட்டிப் பணம் பறித்து வந்திருக்கிறான். அவன் பெயரை ஒரு கடிதத்தில் எழுதி ரோஜர் அக்ராய்டுக்கு அனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. கடிதம் வந்த அன்று இரவே அக்ராய்ட் தன் அறையில் கத்தியால் குத்தப்பட்டுக் கிடக்கிறார். கடிதத்தைக் காணோம்!

வளர்ப்பு மகன், வேலைக்காரர், செயலாளர், உறவினர்கள் என்று எல்லோர் மீதும் சந்தேகம். பக்கத்து வீட்டில் தோட்டம் போட்டு அமைதியாக இருக்க வந்த பாய்ரோ விசாரணையில் இறங்குகிறார். கதையை நமக்குச் சொல்பவர் உள்ளூர் டாக்டர் ஷெப்பர்ட்.

= = = = = சிவப்புக் கோடு. படிக்காதவர்கள் இங்கேயே நிற்கவும் = = = = =

தாண்டி வந்துவிட்டீர்களா? சரி, சொல்லிவிடுகிறேன். கொலை செய்தவர் டாக்டர் ஷெப்பர்ட். பணம் பறித்தவரும் அவரே. முதல் பக்கத்திலிருந்து நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவரே குற்றவாளி. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

இரண்டு கட்சிகள்

புத்தகம் வந்ததும் விவாதம் சூடு பிடித்தது. "இது நியாயமில்லை" என்றது ஒரு கட்சி. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் எஸ்.எஸ். வான் டைன் அந்தப் பக்கம் நின்றார். துப்பறியும் கதைக்கென்று 1928-ல் இருபது விதிகளை எழுதியவர் அவர். குற்றவாளி துப்பறிவாளரை ஏமாற்றலாம், எழுத்தாளர் வாசகரை ஏமாற்றக் கூடாது என்பது அதில் ஒன்று. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பத்து விதிகள் எழுதினார். யாருடைய மனதுக்குள் வாசகரை விட்டோமோ அவரைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றார் அவர்.

இன்னொரு கட்சியின் தலைவி என்று டோரத்தி சேயர்ஸைச் சொல்லலாம். அவரும் புகழ்பெற்ற ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர். தேவையான தடயங்கள் எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கின்றன, எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை என்பது அவர் வாதம்.

மூன்றாவது கட்சியும் உண்டு! 1945-ல் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர், அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். துப்பறியும் கதைகளே வீண் என்பது அவர் கருத்து. 1998-ல் பியர் பயார்ட் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர், பாய்ரோ கண்டுபிடித்த முடிவே தப்பு என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார்!

நானும் கோபப்பட்டேன்

எங்கள் வகுப்பில் நான்கு பேர் இந்த நாவலைப் படித்தோம். ஒருவன், "இது சுத்த சீட்டிங்டா!" என்று புத்தகத்தை மேஜையில் போட்டான். இன்னொருத்தி, "நீ கவனிக்கல, அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள். நான் முதலாமவன் பக்கம். மூன்று நாள் நம்பிப் படித்தவனுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது.

சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே பென்சிலோடு இரண்டாம் முறை படித்தேன். டாக்டர் நமக்குச் சொன்ன ஒரு பொய்யையாவது கண்டுபிடித்துக் காட்டுவது என் திட்டம். ஆனால் கிடைத்தது வேறு.

1. கடிதம் அறைக்குள் வந்தது எட்டு நாற்பதுக்கு. டாக்டர் அறையை விட்டுக் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு. இரண்டு நேரத்தையும் அவரே எழுதுகிறார். நடுவில் இருந்த பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் முழுசாகச் சொல்லவில்லை.

2. வீட்டிலிருந்து வெளி வாசலுக்கு ஐந்து நிமிட நடைதான். அவர் வாசலைத் தாண்டும்போது ஒன்பது மணி அடிக்கிறது. மீதி ஐந்து நிமிடம் எங்கே போனது? பாய்ரோ இதைக் கேட்கிறார். நாம் கேட்கவில்லை.

3. இரவு டாக்டர் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. அவர் பேசியது மட்டும்தான் நமக்குக் காட்டப்படுகிறது. எதிர்முனையில் இருந்தவர் சொன்னது எழுதப்படவில்லை. அக்ராய்ட் வீட்டு வேலைக்காரர் கூப்பிட்டதாக டாக்டர் தன் அக்காவிடம் சொல்கிறார். அந்தப் பொய் அக்காவுக்குச் சொன்னது. நாம்தான் அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டோம்!

ஏன் ஏமாந்தோம்?

முந்தைய இரண்டு பாய்ரோ நாவல்களிலும் கதை சொல்பவர் ஹேஸ்டிங்ஸ். பாய்ரோவின் நண்பர், நல்லவர், கொஞ்சம் அப்பாவி. ஷெர்லாக் ஹோம்ஸுக்கு டாக்டர் வாட்சன் மாதிரி. இந்த நாவலில் ஹேஸ்டிங்ஸ் அர்ஜென்டினா போய்விட்டார். அந்தக் காலி நாற்காலியில் டாக்டர் ஷெப்பர்ட் வந்து உட்கார்ந்தார். ஹேஸ்டிங்ஸுக்குக் கொடுத்த நம்பிக்கையை, கேள்வி கேட்காமல் இவருக்கும் கொடுத்துவிட்டோம். தொடர்ந்து படித்து வந்த பழக்கமே நம் கண்ணைக் கட்டியது. அகதா கிறிஸ்டி கொலையாளியை ஒளித்து வைத்த இடம் நம்முடைய அந்தப் பழக்கம்தான்.

என் முடிவு

நான் கட்சி மாறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளர் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் டாக்டர் ஏமாற்றினார். பொய் எழுதாமலே, உண்மையில் பாதியை விட்டுவிட்டு ஏமாற்றினார். அது ரொம்ப நல்ல காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். "மார்க் எவ்வளவுப்பா?" என்று வீட்டில் கேட்டால், "தமிழில் 82" என்று மட்டும் சொல்லிவிட்டு, கணக்கைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருக்கிறேன். சொன்னது உண்மைதான். ஆனால் அப்பா நம்பியது உண்மை இல்லையே! அதை நினைத்ததும் டாக்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் என் பக்கமும் திரும்பியது.

2013-ல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள் வாக்களித்து, குற்றக்கதைகளிலேயே மிகச் சிறந்ததாக இந்த நாவலைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏமாற்று வேலை என்று திட்டு வாங்கிய புத்தகத்துக்கு, அதே தொழில் செய்பவர்கள் கொடுத்த பதில் அது.

சிந்திக்க

1. சொல்லாமல் விடுவதும் பொய்தானா?
2. எழுத்தாளர் வாசகருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்?
3. ஒரு செய்தியைப் படிக்கும்போது, அதில் எது விடுபட்டிருக்கிறது என்று நாம் எப்போதாவது தேடியிருக்கிறோமா?

உங்கள் பதிலைப் பக்கத்தில் ஒட்டியுள்ள வெள்ளைத் தாளில் எழுதுங்கள். என்னைத் திட்டியும் எழுதலாம். ஆனால் கோட்டுக்குக் கீழே உள்ள ரகசியத்தை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்!