சுண்ணாம்பு தடவிய கலயம்

தேவதானம் கோயிலில் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று பெயர். சோழன் நஞ்சு தோய்த்த ஆடையைப் பாண்டியனுக்கு அனுப்பினான் என்பது தலபுராணம். நஞ்சு பகையாக வரவில்லை, பரிசாக வந்தது.

கல்லூரி விடுதியிலும் அப்படித்தான். "ஒரு மடக்குதானே மாப்ள" என்று அன்போடுதான் நீட்டுவார்கள். பிள்ளையை விழத்தட்டுவது பெரும்பாலும் குடிமேல் ஆசை அல்ல, கூட்டாளிகள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம்.

அய்யா வைகுண்டரின் முதல் அன்புக்கொடி மக்களில் பலர் பனையேறிகள். அவர்களுக்கு ஒன்று தெரியும். பாளையில் வடியும் நீர் ஒன்றே. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனீர். தடவாமல் கட்டினால் அதுவே புளித்துக் கள். புளித்த பிறகு சுண்ணாம்பு போட்டு என்ன பயன்? குடிப்பதில்லை என்ற முடிவையும் கூத்து நடக்கும் அறைக்குள் போய் எடுக்க முடியாது. ஊரில், நிழல் தாங்கலில் கண்ணாடி முன் நிற்கும்போதே எடுத்துவிட வேண்டும். கேட்டால் "நான் குடிக்கிறதில்ல" என்பது போதும். காரணம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும்.

தனியாக நிற்பது கடினம்தான். துவையல் தவத்துக்கு அய்யா ஒருவரையா அனுப்பினார்? 700 குடும்பங்களைச் சேர்த்தே வாகைப்பதிக்கு அனுப்பினார். விடுதியில் குடிக்காத பிள்ளைகள் வேறு சிலரும் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே தேடிக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. மூத்த மாணவர் வற்புறுத்திக் குடிக்க வைத்தால் அது ராகிங். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.