கள்ளி எது, காக்டஸ் எது?

சென்ற விடுமுறையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே சாலையோரச் செடிக்கடை ஒன்றில் தூண்போல் நிமிர்ந்த கள்ளியொன்று வாங்கினேன். ‘பெரு நாட்டுக் காக்டஸ்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் தொட்டி மாற்றும்போது கிளை நுனி ஒடிந்து பால் வடிந்தது. அருகிலிருந்த பாட்டி, “மக்களே, அந்தக் கையாலே கண்ணைத் தொடாதே. இது நம்ம வேலிக் கள்ளிக்குச் சொந்தமாக்கும்” என்றார். அறிவியல் பயிலும் நான் சீட்டை நம்பினேன். பாட்டி செடியைப் பார்த்தார்.

நண்பர்களே! ‘கள்ளி’ என்னும் ஒரே பெயரால் நாம் இரு குடும்பங்களைக் குறிக்கிறோம். சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி முதலியன ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த யூபோர்பியாக்கள். சதுரக்கள்ளி நம் மண்ணுக்குப் பழையது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது. சப்பாத்திக்கள்ளியோ அமெரிக்காவிலிருந்து வந்த காக்டஸ். வறண்ட நிலத்தில் வாழ வேண்டி, இரு குடும்பங்களும் தனித்தனியே இலையைக் குறைத்துத் தண்டில் நீரைச் சேர்த்தன. ஆகவே உருவம் ஒத்தது, உறவு நெருங்கியதன்று.

இவற்றைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது முள். காக்டஸின் முட்கள் பஞ்சு படர்ந்த சிறு திண்டிலிருந்து கொத்தாக எழும். இத்திண்டை ‘ஏரியோல்’ என்பர். யூபோர்பியாவில் இது கிடையாது. தூண் வடிவினவற்றில் முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும்.

இரண்டாவது பால். ஊசி முனையால் மெல்லக் குத்தினால் யூபோர்பியா வெண்பால் வடிக்கும். செரியஸ் போன்ற தூண் காக்டஸில் தெளிந்த சாறே கசியும். மாமில்லேரியா என்னும் சிறு காக்டஸ் வகை சிலவற்றிலும் பால் உண்டு; ஆதலால் முள்ளையே முதலில் நோக்குக.

மூன்றாவது பூ. செரியஸின் பூ பெரியது, வெண்மையானது, இரவில் மலர்வது. யூபோர்பியாவின் பூ மிகச் சிறியது.

காக்டஸ் என்று தெளிந்த பின்னும் சீட்டிலுள்ள இனப்பெயரை உடனே ஏற்றல் ஆகாது. ‘பெரு’ப் பெயரில் விற்கப்படும் செரியஸ் பெரும்பாலும் தென் பிரேசில், உருகுவே முதலிய இடங்களுக்கு உரியது. இளஞ்செடியின் விலா எண்ணிக்கையும் முள்ளும் வயதோடு மாறும். அவற்றைக் குறித்து வைத்துப் பூக்கும்வரை பொறுத்திருத்தலே முறை.

இஃது வெறும் பெயர்ச் சிக்கலன்று. யூபோர்பியாப் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக் குறைவும் உண்டாகும். பட்டுவிட்டால், தூய நீரால் நெடுநேரம் கழுவி, கண் மருத்துவரிடம் விரைந்து செல்க. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அணிக.

என் தொட்டியில் இப்போது வேறு சீட்டு இருக்கிறது: ‘யூபோர்பியா. இனம் இன்னும் தெரியவில்லை. பால் உண்டு, கவனம்.’