காலை 9 மணி ஏலம்: ஆர்டர் வரைபடத்தைப் படிக்கும்படி வரைவது எப்படி?

தேசியப் பங்குச் சந்தையில் வழக்கமான வர்த்தகம் காலை 9.15க்குத் தொடங்குகிறது. அதற்கு முன், 9 மணியிலிருந்து ஆர்டர்களைத் திரட்டித் தொடக்க விலையை ஏலமுறையில் கண்டுபிடிக்கிறார்கள். 2010 அக்டோபரில் வந்த ஏற்பாடு இது. தொடக்கத்தில் வரும் ஆர்டர்கள் சொற்பமாக இருந்து, அவற்றிலும் பல அடிமாட்டு விலைக்குக் கேட்பவையாக இருந்தால், அப்படியே வரைந்த படத்தில் ஒன்றும் தெரியாது.

ஒரு கற்பனைக் கணக்கு: முந்தைய நாள் முடிவு விலை 400 ரூபாய். வாங்கக் கேட்பவை 399க்கு 100 பங்குகள், 398க்கு 200, 350க்கு 2,000, 330க்கு 5,000. விற்க வந்தவை 402க்கு 150, 405க்கு 300.

முதலில் அளவுகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். வாங்கும் பக்கம் மேல் விலையிலிருந்து கீழே: 100, 300, 2,300, 7,300. 399 கொடுக்கத் தயாரானவர் 398க்கும் வாங்குவார் அல்லவா? விற்கும் பக்கம் கீழிருந்து மேலே: 150, 450. புள்ளிகளைச் சாய்கோட்டால் இணைக்காமல் படிக்கட்டுபோல் வரையுங்கள். 350க்கும் 398க்கும் நடுவே யாரும் கேட்கவில்லை. சாய்கோடு அங்கே ஆள் இருப்பதாகக் காட்டிவிடும்.

அடுத்து, அச்சு. மிக முக்கியமான வேலை இதுதான். 7,300 வரை உயரும் படத்தில் 150 தரையோடு ஒட்டிக் கிடக்கும். கிடை அச்சை 400க்கு இருபுறமும் 3 சதவீதத்தில், அதாவது 388 முதல் 412 வரை, நிறுத்துங்கள். உள்ளே இருப்பதில் பெரிய எண் 450தான். செங்குத்து அச்சுக்கு 500 போதும். வெளியே போன ஆர்டர்களை மறைப்பது நியாயமல்ல. இடது ஓரத்தில் ‘388க்குக் கீழே 7,000 பங்குகள்’ என்று எழுதிவிடுங்கள்.

இரு கோடுகளும் சந்திக்காதவரை தொடக்க விலை என்று ஒன்று இல்லை. நடுவில் உத்தேசமாக ஒரு புள்ளி வைப்பது வாசகரை ஏமாற்றுவது. 400ல் முந்தைய நாள் விலைக்கோட்டை மட்டும் போட்டு, ‘விலை இன்னும் உருவாகவில்லை’ என்று குறியுங்கள். பிறகு 403க்கு 400 பங்குகள் கேட்டு ஓர் ஆர்டர் வந்தால், 402இலும் 403இலும் 150 பங்குகளே கைமாறும், மிச்சமும் ஒன்றே. முந்தைய விலைக்கு நெருங்கிய 402தான் தேறும்; அங்கே புள்ளி வையுங்கள்.

மார்க்கெட் ஆர்டருக்கு விலை கிடையாது என்பதால் அதைப் பக்கத்தில் தனிப் பட்டையாகக் காட்டலாம். படத்தின் மேல் நேரத்தை வினாடியோடு எழுதுங்கள்: ஆர்டர் வாங்குவது 9.07க்கும் 9.08க்கும் இடையே எந்த நொடியிலும் நிற்கலாம்.